கோட்டைக்குக் கீழே கொப்பளிக்கும் கடல்

நேப்பிள்ஸ் நகரத் துறைமுகத்தில் ஹைட்ரோஃபாயில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் இஸ்கியா தீவு வந்துவிடும். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய ஃபெர்ரி என்றால் ஒன்றரை மணி நேரம். படகு கிளம்பியதும் பயணிகள் எல்லோரும் பின்பக்கம் திரும்பி, வெசூவியஸ் எரிமலையை செல்போனில் படம் பிடிப்பார்கள். தாங்கள் போய் இறங்கப்போவதும் ஓர் எரிமலையின் மேல்தான் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

படகு நுழையும் துறைமுகமே ஒரு காலத்தில் எரிமலை வாய். பிறகு அது ஏரியாகக் கிடந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த கரையை 1854-ல் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்டு வெட்டித் திறந்துவிட்டார். கடல் உள்ளே வந்தது, துறைமுகம் ஆயிற்று. அதனால்தான் தட்டில் வைத்த கிண்ணம்போல வட்டமாக இருக்கிறது.

இஸ்கியா மிகப் பெரிய தீவு ஒன்றும் இல்லை. சுமார் 46 சதுர கிலோமீட்டர். நடுவில் எப்போமியோ மலை, ஏறக்குறைய 790 மீட்டர் உயரம். சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், எலுமிச்சை மரங்கள். கடைசியாக எரிமலை வெடித்தது 1302-ல். ஆனால், தரை அதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1883 ஜூலையில் காசமிச்சோலா ஊரை ஒரு பூகம்பம் சில நொடிகளில் தரைமட்டமாக்கியது. 2,300 பேருக்கு மேல் இறந்தார்கள். பிற்காலத்தில் இத்தாலியின் பெரிய தத்துவ அறிஞராகப் பெயர் பெற்ற பெனெடெட்டோ குரோச்சே அப்போது 17 வயதுப் பையன். அப்பா, அம்மா, தங்கை மூவரையும் அந்த ஓர் இரவில் இழந்தார். அவரையே இடிபாடுகளுக்கு அடியிலிருந்துதான் மீட்டார்கள். 2017-ல் அதே ஊரில் மறுபடி பூகம்பம். 2022 நவம்பரில் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து 12 பேர் உயிர் போயிற்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் ஜனங்கள் வருகிறார்கள்? அதே எரிமலைதான் காரணம். தீவு முழுக்க வெந்நீர் ஊற்றுகள். மூட்டுவலிக்காரர்களும் முதுகுவலிக்காரர்களும் ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்து, சூடான நீரில் கழுத்து வரை அமிழ்ந்து கிடக்கிறார்கள். பூமிக்கு அடியில் இருக்கும் சூடு ஒருவருக்கு வைத்தியம், இன்னொருவருக்கு எமன்.

தீவின் கிழக்கு ஓரத்தில், கடலுக்குள் தனியாக நிற்கிறது ஒரு பாறை. நூறு மீட்டருக்கும் மேல் உயரம். அதன் தலையில் அரகோன் கோட்டை. 15-ம் நூற்றாண்டில் அரகோன் மன்னர் அல்ஃபோன்சோ, தீவிலிருந்து பாறைக்குக் கல்பாலம் போட்டு, பழைய கோட்டையைப் புதுப்பித்துக் கட்டினார். கடற்கொள்ளையர் வந்தால் ஊர் ஜனங்கள் மொத்தமும் பாலத்தைக் கடந்து இதற்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். கவிஞர் விட்டோரியா கொலோன்னாவின் கல்யாணம் 1509-ல் நடந்தது இங்கேதான்.

கோட்டைக்குள் பார்க்க நிறைய உண்டு. ஆனால், பார்த்தவர்கள் மறக்கவே முடியாதது கன்னிமாடத்தின் நிலவறை. இங்கே வாழ்ந்த கிளாரா சபைக் கன்னியாஸ்திரிகள் இறந்துபோனால் உடனே புதைக்க மாட்டார்கள். கல்லால் செய்த நாற்காலியில் உட்காரவைப்பார்கள். நாற்காலியின் நடுவில் துளை. சதை கரைந்து வடிந்து எலும்பு மட்டும் மிஞ்சும் வரை உடல் அங்கேயே இருக்கும். உயிரோடு இருக்கும் கன்னியாஸ்திரிகள் தினமும் அந்த அறைக்கு வந்து, தோழிகளின் முன்னால் அமர்ந்து ஜெபம் செய்ய வேண்டும். நாற்காலிகள் இன்றும் இருக்கின்றன. வெளியே வந்து கடலைப் பார்த்த பிறகுதான் சுற்றுலாப் பயணிகளுக்கு மூச்சு சீராகிறது.

அந்தக் கடலில்தான் விஷயமே இருக்கிறது.

கோட்டைப் பாறையை ஒட்டி, நீருக்கு அடியில் பாறை இடுக்குகளிலிருந்தும் கடற்புல் வேர்களுக்கு நடுவிலிருந்தும் இடைவிடாமல் குமிழிகள் மேலே வருகின்றன. கோலி சோடாவை உடைத்ததும் சரம் சரமாகப் பொங்குமே, அதே மாதிரி. ஆழம் அதிகமில்லை. பல இடங்களில் ஆள் நின்றால் தலை வெளியே தெரியும். நீச்சல் தெரிந்தவர் மூக்குக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மேலேயே மிதந்தபடி பார்த்துவிடலாம்.

எரிமலைத் தீவு என்றதும் கந்தக நாற்றமும் கொதிநீரும்தான் நினைவுக்கு வரும். இங்கே இரண்டும் இல்லை. வரும் வாயுவில் 90 முதல் 95 சதவிகிதம் கார்பன் டை ஆக்ஸைடு. கந்தகம் கிடையாது. சூடும் கிடையாது, சுற்றியுள்ள கடல்நீர் என்ன வெப்பத்தில் இருக்கிறதோ, அதே வெப்பம். அதாவது, இந்தக் கடலில் மாறியிருப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். தண்ணீரில் கார்பன் டை ஆக்ஸைடு அதிகம்.

இது எவ்வளவு அபூர்வமான சங்கதி என்பது, கடல் அமிலமாதல் பற்றி ஆராய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்குக்கு சுமார் 280 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியேற்றுவதில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உள்வாங்கிக்கொள்கிறது. கடல் மட்டும் இப்படி விழுங்காமல் இருந்தால் பூமி இன்னும் சூடாகியிருக்கும். அந்த உபகாரத்துக்குக் கடல் கொடுக்கும் விலை, அதன் ரசாயனம் மாறிப்போவது. கார்பன் டை ஆக்ஸைடு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலம் ஆகிறது. சோடாவில் நாக்கைச் சுண்டி இழுப்பதும் அதுதான்.

கடல்நீர் இன்னும் காரத்தன்மை உள்ளதுதான். அமிலமாகிவிடவில்லை, அமிலத்தின் பக்கமாக நகர்கிறது. பி.ஹெச் அளவு சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. புள்ளி ஒன்றுதானே என்று தோன்றலாம். இந்த அளவுகோல் வட்டிக்கணக்கு மாதிரி, எண் சிறியது, விளைவு பெரியது. பி.ஹெச் 0.3 குறைந்தால் நீரில் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்கு ஆகிவிடும். இப்போதைய புகையைக் குறைக்காமல் இப்படியே போனால், இந்த நூற்றாண்டு முடியும்போது உலகக் கடல்களின் மேற்பரப்பு 7.8-க்கோ அதற்கும் கீழேயோ போகக்கூடும் என்பது கணக்கு.

இதில் அடிபடுவது ஓடு கட்டும் உயிர்கள். சங்கு, சிப்பி, பவளம், கடல் முள்ளெலி எல்லாம் தண்ணீரில் உள்ள கார்பனேட்டை எடுத்து, கால்சியத்தோடு சேர்த்துத் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. கிளிஞ்சலைச் சுட்டால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கிடைப்பது இதனால்தான். நீரில் ஹைட்ரஜன் அயனி அதிகமானால் அது கார்பனேட்டை முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. வீடு கட்டப் போனவனுக்கு செங்கல் கிடைக்காத நிலைமை. இன்னும் மோசமானால், கட்டி முடித்த சுவரே கரைய ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் முதலில் தொட்டிகளில் வைத்துத்தான் சோதித்தார்கள். ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு வகை சிப்பி, உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு. சில நாள், சில வாரம். முடிவுகள் வந்தன. ஆனால், ஒரு கேள்விக்குத் தொட்டியில் பதில் இல்லை. நிஜக் கடலில் ஒரு சிப்பி தனியாகவா வாழ்கிறது? அதைத் தின்பவன் இருக்கிறான், அது தின்னும் பாசி இருக்கிறது, இடத்துக்குப் போட்டி போடும் பங்காளி இருக்கிறான். அமிலமான நீரில் தலைமுறை தலைமுறையாக இத்தனை பேரும் சேர்ந்து குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும்? அதற்கு ஒரு கடலையே சோடா ஆக்கிப் பார்க்க வேண்டும்.

இஸ்கியா அதை இலவசமாகச் செய்து வைத்திருந்தது.

தீவில் இதற்கு வசதியும் இருந்தது. நேப்பிள்ஸில் 1872-ல் ஜெர்மானிய உயிரியல் அறிஞர் ஆன்டன் டோர்ன் தொடங்கிய கடல் உயிரியல் நிலையம் உலகப் புகழ்பெற்றது. அவர் தன் குடும்பத்துக்காக இஸ்கியா துறைமுகத்தின் மேலே கட்டிய வீடு, பின்னாளில் அந்த நிலையத்தின் ஆய்வுக்கூடமாயிற்று. அங்கே பல ஆண்டுகள் கடற்புல்லையும் அதில் வாழும் சிறு உயிர்களையும் ஆராய்ந்துவந்தவர் மரியா கிறிஸ்டினா காம்பி. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேசன் ஹால்-ஸ்பென்சர் தலைமையிலான குழு எழுதிய கட்டுரை, 2008-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. இயற்கைக் கடலில், முழு உயிர்ச் சமூகத்தின் மீதும் அமிலமாதல் என்ன செய்கிறது என்று காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று அது.

அவர்கள் செய்தது எளிமையான வேலை. குமிழியே இல்லாத, பி.ஹெச் 8.1 உள்ள இடத்தில் தொடங்கி, குமிழி பொங்கும் இடம் வரை கரையோரமாகவே போனார்கள். வழியெல்லாம் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணினார்கள். சராசரி பி.ஹெச் 7.8 ஆன இடத்தில், அதாவது நூற்றாண்டின் முடிவுக்குச் சொல்லப்படும் அதே அளவில், உயிரினங்களின் எண்ணிக்கை 30 சதவிகிதம் குறைந்திருந்தது. பவளங்கள் காணாமல்போயிருந்தன. கடல் முள்ளெலிகள் மிகவும் குறைந்தன. பாறைமேல் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியதுபோலப் படரும் சுண்ணாம்புப் பாசி மறைந்திருந்தது. அமிலம் மிகுந்த இடத்தில் உயிரோடு இருந்த நத்தைகளின் ஓடுகளே அரித்துப்போயிருந்தன. உள்ளே ஆள் இருக்கும்போதே வீட்டுக்கூரை கரைகிறது.

ஆனால், இஸ்கியா ஒரு மயானம் அல்ல. முதல்முறை நீருக்குள் பார்ப்பவரைக் குழப்புவது இதுதான். குமிழி வரும் இடத்தில் பொசிடோனியா என்ற கடற்புல் செழித்து ஆடுகிறது. மத்தியதரைக் கடலுக்கே உரிய புல் இது. செடிக்குக் கார்பன் டை ஆக்ஸைடு சாப்பாடு அல்லவா? சாதாரண இடத்தில் அதன் இலைமேல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பாசி ஒட்டியிருக்கும். இங்கே அதுவும் இல்லை, இலை துடைத்துவைத்ததுபோலப் பளிச்சென்று இருக்கிறது. மேலே வெள்ளிக் குமிழிகள், நடுவே மீன் கூட்டம், கீழே பச்சை மெத்தை. விடுமுறைக்கு வந்தவர் ஒருவர் மிதந்தபடி இதைப் பார்த்தால், கடல் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்றே நினைப்பார். இல்லாமல்போன பவளத்தையும் முள்ளெலியையும் அவர் எப்படிப் பார்க்க முடியும்? இருப்பதைத்தான் கண் பார்க்கும்.

அந்தப் பச்சைக்குள் நடப்பது என்ன என்பதைப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டி குரோக்கரும் குழுவினரும் செய்த சோதனை அவற்றில் முக்கியமானது. பாறையில் சிறு சிறு சதுரங்களாகச் சுரண்டி, ஒன்றுமில்லாமல் வழித்துவிட்டார்கள். பிறகு யார் யார் குடியேறுகிறார்கள் என்று மாதக்கணக்கில் கவனித்தார்கள். அமில நீரில் சுண்ணாம்புப் பாசி வரவே வராது என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வந்தது! வளரவும் செய்தது. ஆனால், அதற்குள் சதைப்பற்றுள்ள பாசிகள் வேகமாகப் படர்ந்து, அதை மூடி அமுக்கிவிட்டன. சாதாரண இடத்தில் அந்தப் பாசிகளை மேய்ந்து அடக்கிவைப்பது கடல் முள்ளெலி. இங்கே மேய ஆள் இல்லை. ஆக, சுண்ணாம்புப் பாசியைக் கொன்றது அமிலம் மட்டும் அல்ல, அக்கம்பக்கம். தொட்டிக்குள் இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. சாதாரண நீரில் ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு மாதிரி வளர்ந்தது. ஒன்றில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் வேறு கலவை. அமில நீரில் எல்லாச் சதுரங்களும் கடைசியில் ஒரே மாதிரி ஆகிவிட்டன. எங்கும் பாசி. பத்து கடை இருந்த தெருவில் ஒரே கடையின் பத்து கிளைகள்.

2011-ல் வந்த ஓர் ஆய்வு நம்பிக்கையையும் கவலையையும் சேர்த்தே கொடுத்தது. மெடிட்டரேனியன் பவளங்களையும் மட்டிகளையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து குமிழிகளுக்கு நடுவே வைத்தார்கள். பலவும் தாக்குப்பிடித்தன. சில, வழக்கத்தைவிட வேகமாகவே ஓடு கட்டின. சுண்ணாம்பின் மேல் உயிருள்ள தசையோ, தோல் போன்ற வெளிப்பூச்சோ போர்த்தியிருக்கும் வரை அமிலம் உள்ளே எட்டவில்லை. போர்வை விலகிய இடத்தில்தான் கரைந்தது. சரி, பிழைத்துக்கொள்ளும் என்று நினைக்கும் நேரத்தில் கோடை வந்தது. கடல்நீர் 28 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் சூடாகவே இருந்தபோது, அமிலத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவை தடுமாறின. ஓர் எதிரியோடு மல்லுக்கட்டலாம், இரண்டு பேர் சேர்ந்து வந்தால்? வரப்போகும் கடலில் அமிலமும் சூடும் தனித்தனியாக வரப்போவதில்லை.

கடற்புழுக்களின் கதை தனிச் சுவாரஸ்யம். குமிழிப் பகுதியில் தாராளமாக வாழும் ஒரு சின்னப் புழுவை வெளியே இருக்கும் அதே வகைப் புழுவோடு ஒப்பிட்டார்கள். உள்ளே இருப்பது அமிலத்துக்குத் தகுந்தபடி மரபணுவிலேயே மாறியிருப்பதாக 2013-ல் முடிவு வந்தது. பரிணாமம் கண்ணெதிரே நடக்கிறது என்று பேச்சானது. இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால், உள்ளே இருந்தவை பெரும்பாலும் அந்தப் புழுவே இல்லை! பார்வைக்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் பங்காளி இனம். வெளியே இருப்பது முட்டைகளை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். பங்காளி அப்படியல்ல, தான் கட்டிய குழாய்க்குள்ளேயே முட்டைகளை வைத்து, குஞ்சுகள் தேறும் வரை தகப்பன் காவல் இருக்கும். அமில நீரில் குடியேறி நிலைத்த புழு வகைகளைக் கணக்கெடுத்தால், இப்படிக் குஞ்சுகளைக் கூடவே வைத்து வளர்ப்பவைதான் அதிகம். முதல் முடிவு தப்பாகப் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தப்பினால் கிடைத்தது அதைவிடப் பெரிய தகவல்.

அமில நீரில் வாழும் பவளமே இல்லை என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். தீவின் கரையோரத்தில் வாயு ஊறும் இன்னோர் இடத்தில், ஆரஞ்சு நிறப் பவளம் ஒன்று இயற்கையாகவே வாழ்வதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். நூரியா டெய்க்ஸிடோவும் குழுவினரும் 2020-ல் அதைப் பற்றி எழுதினார்கள். உயிர் வாழ்கிறது, ஆனால் உருவம் மாறியிருக்கிறது. வெளியே பூங்கொத்துபோல எழும்பி நிற்கும் பவளம், இங்கே பாறையோடு பாறையாகத் தட்டையாக ஒடுங்கியிருக்கிறது. கூட்டமும் சிறிது. தெற்கே சிசிலிக்கு அருகில் உள்ள வல்கானோ தீவிலும் இதே கதைதான். அங்கே அமில நீரில் வாழும் நத்தைகள், வெளியே இருக்கும் தங்கள் உறவுகளைவிடக் குள்ளமாக இருக்கின்றன. உடம்பைச் சிறிதாக்கிக்கொண்டால் செலவு குறையும். சம்பளம் குறைந்த வீட்டில் அரிசியை அளந்து போடுவதுபோல.

இந்த இயற்கை ஆய்வுக்கூடத்துக்குக் குறைகளும் உண்டு. ஆய்வாளர்கள் அதை மறைப்பதில்லை. நீருக்கு அடியில் தானியங்கி பி.ஹெச் சென்சார்களைப் பொருத்தி விட்டுவைத்தபோது, குமிழிப் பகுதியில் அளவு நிலையாக இல்லை என்பது தெரிந்தது. காற்று, அலை, நீரோட்டத்தைப் பொறுத்து சில மணி நேரத்திலேயே ஏறி இறங்குகிறது. நாளைய கடல் இப்படி ஊசலாடாது. அது மட்டுமல்ல, இந்த இடத்துக்கு வேலி கிடையாது. இங்கே குஞ்சுகள் செத்தாலும் பக்கத்து நல்ல கடலிலிருந்து புதுக் குஞ்சுகள் மிதந்து வந்துகொண்டே இருக்கும். மீன்கள் வரும், போகும். பசித்தால் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். உலகக் கடல் முழுவதும் அமிலமாகும் நாளில் அந்தப் பக்கத்து வீடு இருக்காது. அப்படிப் பார்த்தால் இஸ்கியா காட்டும் 30 சதவிகித இழப்பு, குறைத்துச் சொன்ன கணக்காகக்கூட இருக்கலாம்.

அதனால்தான் ஓர் இஸ்கியாவோடு நிறுத்தாமல் மற்ற இடங்களையும் தேடிப் போனார்கள். பப்புவா நியூகினியில் பவளப்பாறைகளுக்கு நடுவே இதேபோல் வாயு ஊறுகிறது. அங்கே கிளை கிளையாகப் படரும் பவளங்கள் குறைந்து, பெரிய பாறாங்கல் போன்ற பவள வகை ஒன்றே மிஞ்சியிருக்கிறது. ஜப்பானின் ஷிக்கினே தீவிலும் ஆய்வுகள் நடக்கின்றன. கடல் வேறு, உயிர் வேறு. ஆனால், வகைகள் குறைவதும் சிலதே எங்கும் பரவுவதும் எல்லா இடத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றன.

இஸ்கியாவைச் சுற்றியுள்ள கடல் 2007 முதல் 'நெப்டியூனின் ராஜ்ஜியம்' என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆய்வு ஒரு பக்கம் நடக்க, ஊர் தன் போக்கில் இருக்கிறது. மாலை நேரத்தில் கல்பாலத்தில் காதலர்கள் கைகோத்து நடக்கிறார்கள். பாலத்தடியில் மீன்பிடிப் படகுகள் ஆடுகின்றன. கோட்டைக்கு டிக்கெட் வாங்கி மேலே போகிறவர்களில் பெரும்பாலோர், குமிழிகளைப் பார்க்காமலேயே இறங்கி ஐஸ்க்ரீம் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

நீரில் இறங்குகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். குமிழிகளுக்கு நடுவே தொடங்கி, பாறையை ஒட்டியே மெதுவாக வெளிப்பக்கம் நீந்திப் போக வேண்டும். சில நூறு மீட்டர்தான். முதலில் வழவழப்பான பழுப்புப் பாசி மட்டும் தெரியும். பிறகு குமிழிகள் குறையும். புல் இலையில் முதல் வெள்ளைப் புள்ளி தென்படும். பாறையில் அங்கங்கே இளஞ்சிவப்புத் திட்டுகள், அப்புறம் திட்டுகள் சேர்ந்து ஒரே பரப்பாகும். சற்றுத் தள்ளிப் பாறை இடுக்கில் முதல் கடல் முள்ளெலி, கறுப்பாக, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் எங்கேயும் பார்க்காமல் கால் ஊன்றக் கூடாது.